நடுங்கும் கையில் தீச்சட்டி

எங்கள் ஊர் அல்லிநகரத்தில் பஸ் போகும் ரோட்டை ஒட்டி, மருந்துக்கடை மாடியில் அந்த பிரவுசிங் சென்டர் இருந்தது. பிளைவுட் தடுப்பு, கிழிந்த நாற்காலி, காற்று வராத ஃபேன். மற்றவர்கள் பரீட்சை ரிசல்ட் பார்க்க வருவார்கள், இல்லையென்றால் பார்க்கக் கூடாததைப் பார்க்க வருவார்கள். சாவு பயத்தோடு அங்கே போய் உட்கார்ந்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். உள்ளே போகுமுன் நோட்டில் பெயர் எழுதச் சொல்வார் கடைக்காரர். எழுதினால் கோழி கிண்டிய மாதிரி இருக்கும். கை அப்படி நடுங்கும். அவர் எழுத்தைப் பார்ப்பார், அப்புறம் என் முகத்தைப் பார்ப்பார். திருட்டுக் கழுதை எதையோ பார்க்க வந்திருக்கிறது என்று நினைத்திருப்பார். நினைத்துவிட்டுப் போகட்டும், நான் தட்டுகிற வார்த்தை லித்தியம் என்பது தெரியாதவரை எனக்குக் கவலையில்லை.

அது இரண்டாயிரத்து எட்டாம் வருஷம். போடியில் ஓர் ஏலக்காய்க் கடையில் கம்ப்யூட்டரில் பில் போடும் வேலை எனக்கு. அதற்கு முந்தைய வருஷம் எனக்குப் புத்தி பிசகியது. மென்று முழுங்க விருப்பமில்லை, அதுதான் நடந்தது. தூக்கம் வேண்டாம், சோறு வேண்டாம், வாய் மட்டும் ஓயாது. கேரளத்து வியாபாரிகளிடம் மலையாளத்தில் பாட்டாகவே விலை பேசினேன். ஆத்தா மாரியம்மா என் காதில் பேசுகிறாள் என்றேன். எஸ்டேட் வாங்கப் போகிறேன் என்று தேவாரம் ஊருக்கு நடந்தே கிளம்பினேன். பாதி வழியில் ஒரு பஸ் கண்டக்டர் அடையாளம் கண்டு ஏற்றிக்கொண்டு வந்து வீட்டில் விட்டார். பிறகு எல்லாம் தலைகீழாகக் கவிழ்ந்தது. பாயை விட்டு எழுந்திருக்க முடியவில்லை. பல் தேய்ப்பதுகூட மலையேறுகிற மாதிரி இருந்தது.

அப்பா இல்லை. நானும் அம்மாவும்தான். அம்மா பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் சமையல் செய்தாள். அவள்தான் என்னை மதுரையில் ஒரு மனநல மருத்துவரிடம் கூட்டிப் போனாள். ஊருக்கு அது 'நரம்பு டாக்டர்'. அவர் கொடுத்த லித்தியம் மாத்திரையைத் தின்று சில மாதத்தில் நான் மனுஷியானேன், வேலைக்கும் திரும்பினேன். கை மட்டும் லேசாக நடுங்க ஆரம்பித்தது.

லேசாகத்தான். ஆனால் டம்ளரைத் தூக்கினால் காபி தளும்பும்.

"பொண்ணு பாக்க வாரவுக முன்னால காபித் தட்ட எப்படிடி புடிப்ப?" என்பாள் அம்மா. "அந்தக் கருமத்த எத்தன காலத்துக்குத்தேன் முழுங்குவ? நஞ்சு மாதிரி ஒடம்புல ஏறுது பாரு."

டாக்டரிடம் கேட்கலாம். அவரைப் பார்ப்பது எப்போதோ ஒரு தடவை. வரிசையில் காத்திருந்து உள்ளே போனால், நான் வாயைத் திறக்குமுன் அம்மா எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிடுவாள். அவர் தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்வார், ரத்தம் சோதிக்கச் சொல்வார், அடுத்த ஆள் வந்துவிடும். மாத்திரையை நிறுத்தினால் புத்தி போய்விடும், நிறுத்தாவிட்டால் உடம்பு போய்விடும் என்று எனக்குள் ஒரு பயம் உட்கார்ந்துவிட்டது. இரண்டில் எது நடக்கும் என்று சொல்ல ஒரு ஆள் வேண்டியிருந்தது. அதற்காகத்தான் அந்த மாடிப்படி ஏறினேன்.

லித்தியம் என்று தட்டியதும் வந்த இணையதளம் ஆங்கிலத்தில் இருந்தது. நோயாளிகளே நோயாளிகளிடம் பேசிக்கொள்ளும் இடம், டாக்டர் யாரும் கிடையாது. எல்லோருக்கும் புனைபெயர். நம்மூர்க்காரர்கள் பெயருக்குப் பின்னால் பி.ஏ., பி.எட். போடுவது போல, அவர்கள் புனைபெயருக்கு அடியில் என்ன நோய், என்ன மாத்திரை, எத்தனை மில்லிகிராம் என்று போட்டிருந்தார்கள். ஆத்தி! நான் மாத்திரை அட்டையைப் பருப்பு டப்பாவுக்குள் ஒளித்து வைக்கிறவள். இங்கே என்னவென்றால் பட்டம் மாதிரி மாட்டிக்கொண்டு திரிகிறார்கள். அன்றைக்கு நான் சந்தோஷத்தில் அழுதேன். சூப் குடிக்கும்போது கரண்டி நடுங்குகிறது என்று யாரோ ஒருத்தி எந்தத் தேசத்திலிருந்தோ எழுதியிருந்தாள். அவளைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

அந்தச் சந்தோஷம் ஒரு நாள்தான். மறுபடி போனபோது பயம் பிடித்துக்கொண்டது. முடி கொட்டுகிறது என்று ஒருத்தி எழுதினால் வீட்டுக்கு வந்ததும் சீப்பைப் பார்ப்பேன். தைராய்டு போயிற்று என்று ஒருவர் எழுதினால் மறுநாள் போடி பஸ்ஸில் கழுத்தைத் தடவிக்கொண்டே போவேன். சிறுநீரகம் என்ற வார்த்தையைப் படித்த அன்று கழிவறைக்குப் போகவே பயந்தேன். ஒருவர், நிறுத்தினேன், மறுபடி உயிர் வந்தது என்பார். அவருக்கு நேர் கீழே இன்னொருத்தி, நானும் நிறுத்தினேன், பிள்ளைகளை இன்னும் என்னிடம் விடவில்லை என்பாள். யாரை நம்ப? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். அது சரிதான், ஆனால் இங்கே பேய்களே வந்து உட்கார்ந்து தங்கள் கதையைச் சொன்னால் நான் என்ன செய்வது? படிக்காதே, படிக்காதே என்று என்னையே திட்டிக்கொண்டு, சம்பளம் வாங்கியதும் மறுபடி போய் நிற்பேன்.

இப்படி இருக்கும்போது சித்திரை பிறந்தது. எங்கள் மாரியம்மன் கோவிலில் திருவிழாவுக்குச் சாமி சாட்டினார்கள்.

"நீ நல்லானா ஒன் கையால தீச்சட்டி எடுக்க வைக்கிறேன்னு ஆத்தாகிட்ட வேண்டியிருக்கேன்" என்றாள் அம்மா. "இந்த வருசம் தள்ளுனா அவ சும்மா விடமாட்டா. காப்புக் கட்டுன நாள்ல இருந்து ஒரு நேரக் கஞ்சி. உப்பு ஆகாது. ஊரெல்லையத் தாண்டக்கூடாது."

"உப்பில்லாப் பண்டம் குப்பையிலேன்னு நீதான சொல்லுவ? ஆத்தாளுக்கு மட்டும் அது ஆகுமாக்கும்?"

"வாயக் கழுவுடி" என்றாள்.

கடையில் லீவு சொன்னேன். பூசாரி மஞ்சள் கயிற்றைக் கையில் கட்டினார். மாத்திரையை மட்டும் விடவில்லை. அது மருந்து, சாப்பாடு இல்லை என்று அம்மாவிடம் சண்டை போட்டு, உப்பில்லாக் கஞ்சிக்குப் பின்னால் அதைப் போட்டு முழுங்கினேன். வெயில் என்றால் அப்படி ஒரு வெயில். காலையிலும் மாலையிலும் ஈரச்சேலையோடு கோவிலுக்குப் போய்த் தண்ணீர் ஊற்றிவிட்டு வருவேன். வியர்த்துக் கொட்டும். ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் இருந்தார்கள், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

எனக்கு ஆகத் தொடங்கியது. லேசாக நடுங்கிய கை, குடத்தைத் தூக்கினால் முழங்கையோடு ஆடியது. வயிற்றுப்போக்கு. நாக்கு தடித்துப்போன மாதிரி பேச்சு இழுத்தது. நடந்தால் தரை சரிந்தது. ஒரு நாள் காலையில் சாமிக்குத் தண்ணீர் ஊற்றும்போது உடம்பு மொத்தமும் உதறி, குடம் கைநழுவி விழுந்து உருண்டது. நான் பயந்துபோய்த் திரும்பினால், பின்னால் நின்ற பெண்கள் குலவை போடுகிறார்கள்.

"ஆத்தா எறங்கிட்டாடி!" என்றாள் எங்கள் எதிர்வீட்டுக்காரி. கையெடுத்துக் கும்பிட்டாள். "தாயி, எம் மகனுக்கு இந்த வருசமாச்சும் வேல கெடைக்குமா, சொல்லு தாயி."

எனக்கு வாந்தி வந்தது. சாமி முன்னால் வாந்தி எடுத்தால் குற்றம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். கும்பிட்டுக்கொண்டிருந்த கூட்டத்தில் அம்மாவும் இருந்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு நிறைவு. போன வருஷம் கிறுக்கச்சியைப் பெற்றவள் என்று பேசிய தெரு, இன்று அவள் மகளைக் கும்பிடுகிறது. அந்த முகத்தைப் பார்த்து எனக்கு உடம்புக்கு ஆகவில்லை என்று எப்படிச் சொல்ல?

இன்னொரு பயமும் இருந்தது. போன வருஷம் புத்தி பிசகியபோதும் ஆத்தாதான் முதலில் வந்தாள். இப்போதும் அவள்தான் வந்திருக்கிறாளா, இல்லை நோய் திரும்புகிறதா, இல்லை அந்தத் தளத்தில் எழுதுகிற மாதிரி மாத்திரை என்னைத் தின்கிறதா? என் புத்தியைக் கேட்டு முடிவு செய்யலாம் என்றால், சந்தேகமே என் புத்தியின் மேல்தான்.

பிரவுசிங் சென்டரின் மாடிப்படிச் சுவரைப் பிடித்துப் பிடித்து ஏறி, அதுவரை படிக்க மட்டும் செய்த தளத்தில் முதன்முதலாக எழுதினேன். ஒரு வரி அடிக்கவே விரல் பத்து எழுத்தைத் தப்பாகத் தொட்டது. தென்னிந்தியாவில் மலையடிவாரத்து ஊர், கடும் வெயில், லித்தியம் சாப்பிடுகிறேன், சில நாளாக நடுக்கம் ரொம்பக் கூடிவிட்டது, அடுத்த வாரம் கோவிலில் நெருப்பு நிறைந்த மண்சட்டியைக் கையில் ஏந்தி நடக்க வேண்டும், நடுங்காமல் இருக்க என்ன செய்யலாம் என்று கேட்டேன். எனக்கு அப்போது பெரிய கேள்வி அதுதான். சட்டியைக் கீழே போட்டுவிடக் கூடாது.

மறுநாள் போய்ப் பார்த்தால் வெள்ளைக்காரர்கள் அலறியிருந்தார்கள். நெருப்பா? கையிலா? தயவுசெய்து வேண்டாம் என்று ஒருவர். காபியைக் குறை என்று ஒருவர். நடுக்கத்துக்குத் தனி மாத்திரை இருக்கிறது, கேட்டு வாங்கு என்று ஒருத்தி. சாப்பாட்டில் ஏதும் மாற்றம் உண்டா என்று ஒருத்தி கேட்டிருந்தாள். இல்லை என்று பதில் போட்டேன். பொய் சொல்லவில்லை. விரதத்தைச் சாப்பாட்டு மாற்றம் என்று எங்கள் ஊரில் யார் நினைப்பார்கள்? அது சாமி காரியம்.

அதற்கு அடுத்த நாள், எல்லாப் பதிலுக்கும் கீழே, ஆங்கில எழுத்தில் தமிழ் கிடந்தது.

"வெரதம் இருக்கீகளா? உப்பு சாப்பிடுறீகளா?"

அவ்வளவுதான் படித்தேன். அதற்குக் கீழே நிறைய இருந்தது. கரண்ட் போய்விட்டது.

அந்த வருஷம் கரண்ட் வெட்டு அப்படித்தான், போனால் ரெண்டு மணி நேரம். கடைக்காரர் "வெளிய இருங்க, வந்ததும் கூப்புடுறேன்" என்றார். படியில் உட்கார்ந்தேன். சாப்பிடுறீகளாவாம். எங்கேயோ அமெரிக்காவில் பேசிக்கொண்டிருக்கிறோம் என்று நம்பி எல்லாவற்றையும் கொட்டியிருக்கிறேன், இது எங்கள் பக்கத்து ஆள்! மலையடிவாரம், தீச்சட்டி, அடுத்த வாரம். என்னைக் கண்டுபிடிக்க இது போதாதா? கீழே டீக்கடையில் நின்ற ஒரு கண்ணாடிக்காரர் அண்ணாந்து பார்த்தார். அவராக இருக்குமோ? மருந்துக்கடைக்காரரோ? எதிர்வீட்டுக்காரியின் மகன் கம்ப்யூட்டர் படித்தவனாயிற்றே, அவனோ? எழுந்து ஓடிவிடலாம் என்று பார்த்தேன், கால் ஒத்துழைக்கவில்லை. ஓட முடியாததால்தான் நான் பிழைத்தேன் என்று இப்போது தோன்றுகிறது.

கரண்ட் வந்தது. மிச்சத்தைப் படித்தேன். இந்த மருந்து சாப்பிடுகிறவர்கள் உப்பை நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் உடம்பு உப்புக்குப் பதிலாக இந்த மருந்தை வெளியே விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும், வெயிலும் வயிற்றுப்போக்கும் சேர்ந்தால் ரத்தத்தில் ஏறிக்கொண்டே போகும் என்று இருந்தது. கடைசியில் இப்படி எழுதியிருந்தது:

"நாக்கு கொளறுதா? நடை தள்ளுதா? அப்படின்னா அடுத்த மாத்திரையப் போடாதீக. இன்னைக்கே டாக்டருகிட்டப் போயி ரத்தம் பாருங்க, நாளைக்குன்னு வைக்காதீக. எங்க வீட்ல ஒருத்தரு மலைக்கு மாலை போட்டு உப்ப விட்டாரு. எங்களுக்குச் சொல்ல ஆளில்ல."

நாக்கு குளறுவதைப் பற்றி நான் எழுதவே இல்லை. எழுதாதது அவருக்கு எப்படித் தெரியும்? அந்த 'எங்க வீட்ல ஒருத்தரு'க்கு என்ன ஆயிற்று என்பதையும் அவர் எழுதவில்லை. யார் அவர், ஆணா பெண்ணா, கம்பமா போடியா, இன்றுவரை எனக்குத் தெரியாது. திரையை மூடக்கூடத் தோன்றாமல் எழுந்து வந்தேன்.

வீட்டில் அம்மா எனக்குக் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, மதுரைக்குப் போகணும். இன்னைக்கே. ரத்தத்துல மருந்து ஏறிருச்சு. உப்ப விட்டதுனாலதேன்."

"எவ சொன்னா?"

"கம்ப்யூட்டர்ல சொன்னாக."

"கம்ப்யூட்டர்லயா? யாரு என்னான்னு தெரியாதவுக சொன்னா, ஆத்தாளுக்குக் கட்டுன காப்போட எல்லை தாண்டுவியாக்கும்?" அவளுக்குக் கோபம் இல்லை. பயம். கண் அப்படி விரிந்திருந்தது. "ஏ ஆத்தா, இன்னும் நாலு நாளுதேன். எடுத்து முடிச்சிட்டுப் போவோம். ஆத்தா ஒன் ஒடம்புல நிக்கிறா. ஊரே பாத்துச்சு. இப்பப் போயி அவள மறிச்சா நம்மள வாழ விடுவாளா?"

"நாலு நாள்ல நான் இருக்க மாட்டேம்மா."

அந்த வார்த்தையே குளறித்தான் வந்தது. இனி இவளிடம் பேசிப் பயனில்லை என்று செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினேன். பஸ் ஸ்டாண்டுக்குத் தனியாகப் போவதாக உத்தேசம். வீரம்தான்! மூன்று வீடு தாண்டவில்லை, கால் ஒன்றோடொன்று பின்னி முகங்குப்புற விழுந்தேன். விழுந்த இடத்தில் கஞ்சியெல்லாம் வெளியே வந்தது. யாரோ, சாமி வந்திருக்கு, தொடாதீக என்றார்கள். ஒருவரும் தொடவில்லை. சுற்றி நின்று கும்பிட்டார்கள். நான் செத்தாலும் இவர்கள் குலவைதான் போடுவார்கள் என்று நினைத்தேன். அதைப் போன்ற பயம் என் வாழ்க்கையில் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். என் பக்கத்தில் மண்டி போட்டு உட்கார்ந்து, என் கையைப் பிடித்து, மஞ்சள் கயிற்றை அவிழ்க்கப் பார்த்தாள். முடிச்சு இறுகிக் கிடந்தது. குனிந்து பல்லால் கடித்து அறுத்தாள்.

"வாரது எந் தலைக்கு வரட்டும்" என்றாள், யாரையும் பார்க்காமல். பிறகு கூட்டத்தில் நின்ற ஒரு பையனைப் பார்த்து, "ஏலே, என்ன நிக்கிற, போயி ஒரு காரக் கூட்டிட்டு வாலே!" என்றாள்.

கண்டமனூர் விலக்கு, ஆண்டிபட்டிக் கணவாய், உசிலம்பட்டி என்று வழியெல்லாம் அம்மா வாய்க்குள் ஆத்தாளிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வந்தாள். கணவாய் இறங்கும்போது என் கன்னத்தைத் தட்டி, தூங்காதே, தூங்காதே என்றாள். மதுரை வந்து சேர்ந்தது எனக்கு அரைகுறையாகத்தான் நினைவிருக்கிறது. ஊசி, சலைன் பாட்டில், ரத்தம் எடுத்தது, டாக்டர் ஓடி வந்தது. உப்பை விட்டது யார் யோசனை என்று அவர் கத்தினார். மருந்து ரத்தத்தில் ஆபத்தான அளவுக்கு ஏறியிருக்கிறது, இன்னும் சில நாள் விட்டிருந்தால் கையை விரித்திருப்பேன் என்றார். லித்தியத்தை அப்போதைக்கு நிறுத்தினார்கள்.

இரண்டு நாள் கழித்து நாக்கு நேரானது. அம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். தலை சீவவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தவள் கேட்டாள்.

"நெசத்தச் சொல்லு. மாத்திர பண்ணுச்சா, நான் ஊத்துன கஞ்சி பண்ணுச்சா?"

மாத்திரை என்று சொன்னால் அவள் மனசு ஆறும். ஆனால் இனி ஜென்மத்துக்கும் அந்த மாத்திரையை என் வாயில் வைக்க விடமாட்டாள். அது இல்லாமல் நான் எங்கே போய் விழுவேன் என்று எனக்குத் தெரியும். கஞ்சி என்று சொன்னால் பெற்ற மகளைச் சாகக் கொடுக்க இருந்தேனே என்று அவள் செத்துப்போவாள். சொல்லாமல் கண்ணை மூடிக்கொள்ளலாமா என்று பார்த்தேன். அவள் விடுகிறவளா?

"கஞ்சிதேன்" என்றேன். "உப்பில்லாததுதேன், அம்மா."

அவள் தலையை ஆட்டினாள். முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் பொங்கிப் போடுகிற கை, மடியில் மல்லாந்து கிடந்தது. உண்மையைச் சொல்லியிருக்கக் கூடாதோ என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

டாக்டர் வந்தார். கட்டிலில் தொங்கிய அட்டையைப் பார்த்துவிட்டுத் திரும்பப் போனவரை அம்மா எழுந்து மறித்தாள்.

"ஐயா, அந்த மாத்திரைய எப்பத் திருப்பிக் குடுப்பீக?"

"ரத்தத்துல எறங்கட்டும்மா. அப்புறம் கொறச்சு ஆரம்பிக்கலாம். என்ன அவசரம்?"

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் கண்ணை மூடியிருந்தேன். தூங்குகிறேன் என்று நினைத்துக் குரலைத் தாழ்த்தினாள்.

"போன வருசம் ஒரு நா விடியக்காலையில, எங்க வீட்டுக்குப் பின்னாடி கெணத்து மேட்டுல இவ நின்னுக்கிட்டு இருந்தாய்யா. நான் அடுப்படி சன்னல்ல நின்னு பாத்துக்கிட்டேதேன் இருந்தேன். கூப்பிட்டாக் குதிச்சிருவாளோன்னு கூப்பிடல. தானா எறங்கி வந்தா. நீங்க குடுத்த மாத்திரையத் தின்ன பொறகுதேன் நான் சன்னல விட்டுத் தள்ளிப் படுக்கிறேன். சீக்கிரம் குடுத்துருங்கய்யா."

அன்றைக்கு யாரும் என்னைப் பார்க்கவில்லை என்றுதான் அதுவரை நான் நினைத்திருந்தேன்.